சிறிய ஸ்பீக்கர் வாங்கும்போது காது ஏமாறும் இடங்கள்

சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில் இரண்டு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால், சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் உயர்ந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கர்நாடக இசையும் ஜாஸும் கேட்பதற்கென்று வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு அந்தத் தீர்ப்பை நம்புவதே. வால்யூமைத் தொடாமல் மாற்றும்போது, 88 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கர் 85 டெசிபல் உள்ளதைவிடச் சத்தமாகத்தான் ஒலிக்கும். அதற்கும் நாதத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, பலமுறை கேட்டுப் பழகிய கச்சேரிப் பதிவொன்றைப் போட்டு, பாடகரின் குரலுக்கு அடியில் தம்புரா தனியாகக் காதில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஐந்து அங்குல வூஃபரிடம் ஆழ்ந்த பேஸை (அடித்தொனியை) எதிர்பார்ப்பது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98; சிறிய பெட்டிக்கு இவை எளிது. ஜாஸின் டபுள் பேஸ் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால், அதன் அடி ஸ்வரங்கள் மெலிந்தே வரும். ஆனாலும் மேல் அதிர்வுகளைக் கொண்டு காது அந்த ஸ்வரத்தை உணர்ந்துகொள்ளும் என்பதால் இதைப் பெரிய குறையாக நான் கருதுவதில்லை. இந்தக் குறையை மறைப்பதற்காக 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிவைத்திருக்கும் ஸ்பீக்கர்களைத்தான் ஒதுக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் கை அழுந்தி நகரும்போது எழும் கும்கி வளைந்து ஏறுவது நல்ல ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கும்; இவற்றிலோ எல்லா அடியும் ஒரே ‘தொம்’ ஆகிவிடும்.

‘புக்‌ஷெல்ஃப்’ என்ற பெயரை நம்பி அலமாரிக்குள் செருகுவதும் தவறுதான். பின்புறம் போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், கடையில் அளவாக இருந்த பேஸ் வீட்டில் உப்பிவிடும். ஓரிரு அடி இடைவெளி விட்டு, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் வைப்பது நல்லது. சென்னை அடுக்ககங்களில் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும்தான் மிகுதி. கூடத்தில் ஒருமுறை கைதட்டினால் சுவர்களுக்கிடையே அது படபடவென்று திரும்பிவருவது கேட்கும். இன்னும் விலை உயர்ந்த மாடலைத் தேடுவதற்கு முன் தரையில் ஒரு ஜமக்காளமும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், ஸ்னேர் டிரம்மின் மேல் பிரஷ் உரசும் மெல்லொலியை அது விழுங்கிவிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்பவர்கள், வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஈரக்காற்றில் ஃபோம் காலப்போக்கில் பொடிந்துவிடும் என்பதால், பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது முன்வலையைக் கழற்றி அதை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.