ஏசிக்குள் தங்கிவிடும் ஈரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார். காலையில் கண் விழித்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு. உலர்ந்த குளிர்காற்றுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் அறைக்கு வெளியே போய் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டு, இரவு ஏசியைப் போட்டதும் மறுபடி தொடங்குகிறது என்றால், குளிரைக் குறை சொல்வதற்கு முன் இயந்திரத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. அறைக் காற்று குளிர்ந்த அலுமினியத் தகடுகளின் மீது பட்டதும் நீர் துளித்துளியாகப் படிகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், புழுக்கமான இரவொன்றில், ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வடிக்கும். அது கீழே உள்ள தட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியேற வேண்டும். முழுவதும் வெளியேறுவதில்லை. தங்கிய ஈரத்தோடு நம் தோல் செதில்களும் துணி இழைகளும் சமையலறை எண்ணெய்ப் புகையும் ஒட்டிக்கொள்கின்றன. இருட்டு, ஈரம், உணவு மூன்றும் கிடைத்தபின் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அங்கே குடியேறிவிடுகின்றன.

வலையை, அதாவது ஃபில்டரைக் கழுவிவிட்டால் ஏசி சுத்தம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காற்று வலையைக் கடந்த பிறகு குளிர்ந்த தகடுகளைத் தொட்டு, அதன் பின்னர் புளோயர் எனப்படும் நீண்ட உருளை விசிறி வழியாகத்தான் அறைக்குள் வருகிறது. நம் முகத்தில் படும் காற்று கடைசியாகத் தொட்டுவிட்டு வருவது அந்தப் புளோயரை. மின் இணைப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, காற்று வெளிவரும் வாயின் மடிப்புகளை மெல்லத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்த சிறு தகடுகளின் ஓரமெங்கும் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால், வலை எவ்வளவு வெள்ளையாக இருந்தும் பயனில்லை. காற்று வாயின் உட்சுவரை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். சாம்பலும் கறுப்புமாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக ஒரு படலம் துணியோடு வரும்.

எனவே சர்வீஸுக்கு ஆள் வரும்போது அருகில் நில்லுங்கள். மேல்மூடியைத் துடைத்து, வலையை அலசி, பத்து நிமிடத்தில் ரசீது நீட்டுவது சர்வீஸ் ஆகாது. புளோயர் கழுவப்பட்டதா, தண்ணீர்த் தட்டில் படிந்த கொழகொழப்பு நீக்கப்பட்டதா, வடிகுழாயில் தண்ணீர் ஊற்றினால் தடையின்றி ஓடுகிறதா என்று மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் செய்வது அவசியம். கடலோரத்தில், ஏசி அதிகம் ஓடும் வீட்டில், இரண்டு முறை. பம்பு வைத்துக் கழுவும்போது ஆஸ்துமா உள்ள குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. அப்போது கிளம்பும் பூஞ்சை வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள், அறையில் சற்று நேரம் மிதந்துகொண்டிருக்கும். கழுவி முடித்ததும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, தரையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஏசியிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் சொட்டினால் கீழே வாளி வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது வடிகுழாயில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து வளர்த்த வழவழப்பான அடைப்பு. தண்ணீர் வெளியேறாமல் தட்டிலேயே தேங்குகிறது என்று அது நமக்குச் சொல்கிறது. அதை வாளியால் தீர்க்க முடியாது.

அணைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். காலையில் எழுந்தவுடன் ரிமோட்டை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போகிறோம். நனைந்த தகடுகள் பகல் முழுவதும் மூடிய பெட்டிக்குள் ஈரமாகவே கிடக்கின்றன. அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் வெறும் ஃபேன் முறையில் ஓடவிட்டால் உட்புறம் பெருமளவு உலர்ந்துவிடும். இப்போதைய மாடல்கள் பலவற்றில் தானாகவே உலர்த்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைக்காமல் விட்டிருப்போம். இதைவிட முக்கியமானது பருவமாற்றம். அக்டோபரில் மழை பிடித்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, மார்ச்சில் வெயில் சுடும்போதுதான் மறுபடி போடுகிறோம். நிறுத்தும் நாளில் சில மணி நேரம் ஃபேனில் ஓட்டி உலர்த்தி வைக்க வேண்டும். மார்ச்சில் ஏசியை முதல்முறை போடுவதற்கு முன்பே சர்வீஸை முடித்துவிட வேண்டும். நடைமுறையில் ஒரு வாரம் மூக்கடைத்துத் தவித்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுகிறோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் 18 டிகிரியில் வைப்பதும் ஈரத்துக்கு விருந்துதான். சுவரும் அலமாரியும் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் புழுக்கக் காற்று அவற்றின் மீதே வியர்த்துவிடும். பீரோவின் பின்பக்கத்திலும், சுவரின் மறுபுறத்திலும் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டோடு வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு. ஈரத்தைக் கட்டுப்படுத்தவும் அது கைகொடுக்கிறது. சிறிய அறைக்குப் பெரிய ஏசி வாங்குவதும் கெடுதல். அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் அப்படியே இருக்கும்.

ஊறிய துணி வாடை வருகிறதே என்று ரூம் ஸ்பிரே அடிப்பதும், மூடிய அறையில் சாம்பிராணி போடுவதும் வாடையை மறைக்குமே தவிரப் பூஞ்சையைத் தொடாது. புகைத்துகள் தகடுகளில் படிந்து மேலும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் கரைசலை உள்ளே தெளிப்பதோ ஆபத்தானது. அலுமினியத்தை அரிக்கும், கழிப்பறைக்கு வைத்திருக்கும் ஆசிட் அதோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்கே உலை வைக்கும். காற்றைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி ஓசோன் வெளியிடும் கருவிகளையும் வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு.

பயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே கடும் நிமோனியா பரவி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் காரணமான பாக்டீரியாதான் பின்னர் லெஜியோனெல்லா என்று பெயர் பெற்றது. இதைக் கேட்டுவிட்டு வீட்டு ஸ்பிளிட் ஏசியைப் பார்த்து நடுங்குபவர்கள் உண்டு. லெஜியோனெல்லா பெருகுவது வெதுவெதுப்பான தேங்கிய நீரில்; நுரையீரலை அடைவது அந்த நீர் நுண்திவலைகளாகத் தெறிக்கும்போது. ஆகவே அது பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் நின்று மைய ஏசியின் நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவர், வெந்நீர்த் தொட்டி, ஷவர், அலங்கார நீரூற்று ஆகியவற்றின் பிரச்சினை. 2015-இல் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் பகுதியில் நோய் பரவியதும் ஒரு கூலிங் டவரிலிருந்துதான். அலுவலகத்தையோ விடுதியையோ மருத்துவமனையையோ நிர்வகிப்பவர்கள் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

நோயாளியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்கிவிட்டு வந்து இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பென்சிலின் வகை மருந்துகள் லெஜியோனெல்லாவிடம் எடுபடாது. வேறு மருந்து தேவை, பரிசோதனையும் வேறு.

வீட்டு ஏசியின் பூஞ்சை ஆரோக்கியமானவரைப் பெரும்பாலும் தும்மலோடு விட்டுவிடும். ஆஸ்துமா இருப்பவருக்கு இழுப்பைக் கிளப்பும். இன்னும் சிலருக்கு, அந்தக் காற்றைச் சுவாசித்த சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் என்று வரும்; இது நுரையீரலின் ஒவ்வாமை அழற்சி. கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம். சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலுக்குள்ளேயே வளர்ந்து உயிருக்கு உலை வைக்கலாம். அப்படி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவிருக்கிறார் என்றால், அவர் வருவதற்குச் சில நாட்கள் முன்பே அந்த அறையின் ஏசியைப் புளோயர் வரை கழற்றிச் சுத்தம் செய்து, அறையைக் காற்றோட்டமாகத் திறந்து வைத்திருங்கள்.