பழைய மாதிரி விமானங்களுக்கு மின்மோட்டார் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களிலும் 1940களிலும் வரையப்பட்ட மாதிரி விமானங்களில் பெரும்பாலானவை எவருடைய கட்டுப்பாடும் இன்றித் தாமாகவே பறப்பதற்காக உருவானவை. சிறிய எஞ்சின் சிறிது நேரம் ஓடி விமானத்தை மேலே ஏற்றும். அது நின்றதும் விமானம் வட்டமிட்டபடி மெல்ல இறங்கும். அகன்ற இறக்கை, குறைந்த எடை, நுனி உயர்ந்த இறக்கை அமைப்பு எல்லாம் அந்த நோக்கத்திற்காகவே அமைந்தன. இன்று அதே வரைபடத்தை எடுத்து மின்மோட்டாரும் ரேடியோ கட்டுப்பாடும் பொருத்துவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, மெதுவாகப் பறக்கப் பிறந்த விமானத்தை வேகமாகப் பறக்க வைக்க முயல்வதால் வருபவை.

முதல் தவறு மோட்டார் தேர்விலேயே தொடங்குகிறது. கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக, 1,000 கேவிக்கு (ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை முறை சுழலும் என்ற அளவு) மேற்பட்ட மோட்டாரைச் சிறிய புரொப்பெல்லருடன் பொருத்துகிறார்கள். அது அதிவேகமாகச் சுழன்று இரைச்சலிடும். ஆனால் மெதுவாகச் செல்லும் அகன்ற விமானத்தை இழுப்பதற்கு வேண்டிய உந்துவிசையைச் சிக்கனமாகத் தராது. கீல்கிராஃப்ட் நிறுவனம் 1946இல் வெளியிட்ட ஜூனியர் 60 போன்ற, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட விமானத்திற்கு, 700 கேவி அளவிலான மோட்டாரும் 12 அங்குல விட்டமும் 6 அங்குலப் புரியும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரும் மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியும் போதும். எடையில் ஒரு கிலோவுக்கு 100 முதல் 150 வாட் வரை இருந்தாலே இத்தகைய விமானம் கண்ணியமாக மேலேறும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு வாட்டும் பழைய இறக்கையின் மெல்லிய பால்சா மரச் சட்டங்களைத்தான் சோதிக்கிறது. வாட்மீட்டரை இணைத்து, முழு வேகத்தில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தரையிலேயே அளந்து பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

சமநிலைப் புள்ளியை, அதாவது விமானத்தின் எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கும் இடத்தை, பழைய வரைபடத்தில் உள்ளபடியே வைப்பது இதைவிட ஆபத்தானது. அக்கால விமானங்கள் பலவற்றில் வால் இறக்கையும் மேல்தூக்கு விசை தரும் வகையில் வளைவாக அமைந்திருந்தது. ஆகவே சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தின் நடுப்பகுதியிலோ அதற்கும் பின்னாலோ இருக்கும். ஒரே வேகத்தில் பறக்கும்வரை இது சிக்கலாகாது. நாம் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டும்போதோ, வால் இறக்கையின் தூக்கு விசை பெருகி மூக்கை மேலும் கீழே அழுத்தும். விமானம் அந்தப் பாய்ச்சலிலிருந்து தானாக மீளாது. எனவே பேட்டரியை முன்னால் நகர்த்தி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் சமநிலைப் புள்ளி அமையும்படி செய்து, அதற்கு ஈடாக வால் இறக்கையின் முன்விளிம்பை ஒரு மெல்லிய மரத்துண்டின் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். பேட்டரித் தட்டை நீளமாக அமைத்தால் ஈயத்துண்டுகளே தேவைப்படாது. மோட்டாரின் அச்சையும் நேராக வைக்காமல், இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் திருப்புவது நல்லது. மோட்டார் தாங்கியின் மேல் திருகாணிகளுக்குப் பின்னால் இரண்டு வாஷர்களை நுழைத்தாலே கீழ்ச்சாய்வு கிடைத்துவிடும்.

இறக்கையின் மேலுறை பற்றிச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் தனியாகச் சிந்திக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டி கொண்டு ஒட்டும் பிளாஸ்டிக் உறை வசதியானதுதான். ஆனால் அது சுருங்கும்போது மெல்லிய சட்டத்தை முறுக்கிவிடும். டோப் (தாளை இறுக்கி வலுவாக்கும் பூச்சுத் திரவம்) பூசிய டிஷ்யூ தாள் இறக்கைக்குத் தரும் முறுக்குறுதியையும் அது தருவதில்லை. மறுபுறம், நம் ஈரக்காற்றில், அதிலும் மழை பெய்யும் பிற்பகலில், டோப் பூசினால் பூச்சு வெண்மை படர்ந்து வலுவிழக்கும். ஈரம் குறைந்த நேரம் பார்த்து, அடுக்குமாடி வீட்டில் சன்னல்களைத் திறந்து வைத்து, மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். காய்ந்த பின் இறக்கையைச் சமதளமான மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மேசையைத் தொடாமல் நின்றால் முறுக்கு இருக்கிறது என்று பொருள். கெண்டியின் நீராவியில் காட்டி, எதிர்ப்புறமாக மெல்லத் திருப்பிப் பிடித்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இறக்கையைக் கட்டும் ரப்பர் பட்டைகளை அகற்றிவிட்டுத் திருகாணி போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோதும்போது இறக்கை விலகி, உடற்பகுதியைக் காப்பாற்றுவது அந்தப் பட்டைகளே. வெயிலிலும் ஈரத்திலும் அவை விரைவில் பிசுபிசுத்துவிடுவதால் அடிக்கடி மாற்றுங்கள்.

பேட்டரி பின்னால் நழுவாதபடி பட்டையால் இறுக்க வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலருக்குக் குளிர்காற்று நுழையும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்க வேண்டும். சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரை அமைக்க வேண்டும். வீட்டில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

எடையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சட்டச் சிக்கலையும் தரும். இங்கே 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்தைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், 1.5 கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சியும் தேவை. ஜூனியர் 60 அளவிலான விமானம் அந்த எல்லையை எளிதில் நெருங்கிவிடும். விமான நிலையங்களிலிருந்தும் ஆகாயப் படைத் தளங்களிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள்ளும், கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. அந்த உயரம், ஏறத்தாழ 60 மீட்டர், இவ்வகை விமானங்களுக்கு மிகக் குறைவு. வெயில் ஏறிய திடலில் மேலெழும் வெப்பக் காற்று, மோட்டாரை நிறுத்திய பிறகும் அவற்றைத் தூக்கிச் செல்லும். பதற்றத்தில் சுக்கானை முழுவதும் திருப்பிச் சுழன்று இறங்க முயன்றால் வேகம் கூடி இறக்கை மடிந்துவிடக்கூடும். மோட்டாரை நிறுத்தி, மூக்கைச் சிறிதளவே தாழ்த்தி, மேலெழும் காற்றுப் பகுதியிலிருந்து காற்று வரும் திசை நோக்கி நேராக வெளியேறுவதே சரியான வழி; அதையும் 40 மீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.