டாவி வால்வு வைத்தவர் ஊர் திரும்பிய பிறகு: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வு வைக்கும் டாவி சிகிச்சையை 2002-ல் பிரான்சில் அலேன் கிரிபியே முதன்முதலில் செய்தார். இன்று காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்களும் மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டு சில நாளில் வீடு திரும்புகிறார்கள். அவர்களைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்ததையே செய்கிறார்கள். கை கழுவுவது, சீட்டைப் படிப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

தலைசுற்றலுக்கு பி.பி.யோடு நிறுத்திக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. ஊர் திரும்பிய வாரமே, வளவில் நடந்துகொண்டிருந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒண்ணுமில்லப்பா, பித்தம்" என்று மகனிடம் சொல்ல, வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கிளினிக். பி.பி. சரி, சர்க்கரை சரி, தலைசுற்றல் மாத்திரை. மறுநாள் என்னிடம் வந்தபோது நாடி 36. இசிஜியில் மேலறை ஒரு கணக்கில், கீழறை வேறு கணக்கில் துடித்தது. முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மின்பாதை முழுதாக அடைபட்டிருந்தது. உடனே மதுரைக்கு ஆம்புலன்ஸ், பேஸ்மேக்கர்.

இதயத்தின் மின்பாதை, வால்வு உட்காரும் இடத்தை ஒட்டியே போகிறது. வால்வின் சட்டம் அதை அழுத்தும். பிளாக் சிலருக்கு சிகிச்சை மேஜையிலேயே வரும், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகு வரும். "டிஸ்சார்ஜ் அன்று இசிஜி நன்றாக இருந்தது" என்று என்னிடம் சொல்லாதீர்கள். இன்று எடுங்கள், பழையதோடு ஒப்பிடுங்கள். மின்பாதையின் வலது கிளையில் அடைப்பு முன்பே இருந்தவர் என்றால் இன்னும் உஷார். மெட்டோபுரோலால், டில்டியாசெம் போல நாடியைக் குறைக்கும் மாத்திரை ஓடுகிறதா என்றும் கேளுங்கள். நாடிக்கு ஒரு நிமிடம் ஒதுக்க முடியாத அளவுக்கு யாருக்கும் கூட்டம் இல்லை.

தொடையிடுக்கைப் பார்க்காமல் விடுவது

வால்வு உள்ளே போனது இந்த வழியாகத்தான். ஆச்சிமார் கூச்சப்படுவார்கள். நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு துணியை விலக்கிப் பாருங்கள். துடிக்கும் வீக்கம் என்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பாதீர்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்துவது

வேண்டாம். வால்வு வைத்தவரிடம் கேளுங்கள்.

காய்ச்சலுக்கு உடனே ஆன்டிபயாட்டிக்

முதலில் ரத்தக் கல்ச்சர். வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கலாம். மருந்து போன பிறகு எடுத்தால் அந்தக் கிருமி பரிசோதனையில் வளராமலே போகலாம், எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றே தெரியாது.