அழ வைக்கும் முன் பழக விடுங்கள்: அனிமேஷன் குடும்பப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் கதை எழுத உட்காரும் பலர் முதலில் தேடுவது, எந்த இடத்தில் அழ வைக்கலாம் என்பதைத்தான். உடனே ஒரு அம்மாவையோ தாத்தாவையோ சாகடித்துவிடுவார்கள். பின்னணியில் வயலின் அழும், பார்க்கிறவர் அழ மாட்டார். செத்துப்போன தாத்தா அவருக்கு யாரோ ஒருவர்தானே? பழகாதவருக்காக எப்படி அழுவது?

பழக வைப்பதற்கு நிறைய நேரம் வேண்டும் என்பதும் இல்லை. பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் 'அப்' (2009) படத்தில் கார்ல், எல்லி இருவரின் கல்யாணத்திலிருந்து எல்லியின் மரணம் வரை நாலைந்து நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பேச்சே கிடையாது, மைக்கேல் ஜியாக்கினோவின் ஒரு மெட்டு மட்டும் கூடவே வருகிறது. தொலைதூர அருவி ஒன்றைப் பார்க்கப் போவதற்காக இருவரும் ஜாடியில் சில்லறை சேர்க்கிறார்கள். கார் டயர் போகிறது, கால் உடைகிறது, வீட்டின்மேல் மரம் விழுகிறது. ஒவ்வொரு முறையும் ஜாடி காலியாகிறது. உண்டியல் உடைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

டையைக் கவனியுங்கள். தினமும் காலையில் எல்லிதான் கார்லுக்கு டை கட்டிவிடுகிறாள். நிறமும் டிசைனும் மாற மாற வருஷங்கள் ஓடிவிடுகின்றன. இளம் வயதில் குன்றின்மேல் முன்னால் ஓடுகிறவள் அவள், மூச்சு வாங்கப் பின்னால் வருகிறவர் கார்ல். வயதான பிறகு அதே குன்றில் கார்ல் முன்னால் ஏறிவிட, எல்லி ஏற முடியாமல் விழுகிறாள். முதல் ஓட்டத்தை நாம் பார்த்திருப்பதால்தான் இந்த விழுகை நெஞ்சை அடைக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அவள் கை அவருடைய டையைத்தான் சரிசெய்யப் போகிறது. அந்த ஒரு அசைவுக்குப் பக்கத்தில் எந்த வசனத்தை வைத்தாலும் நிற்காது.

இரண்டாவது தவறும் இதற்குள்ளேயே இருக்கிறது. மனதில் உள்ளதைப் பாத்திரமே வாய்விட்டுச் சொல்லிவிடுவது. 'நீ இல்லாமல் எனக்கு எல்லாமே வெறுமையாக இருக்கிறது' என்று எழுதத் தோன்றினால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்த ஆள் சாப்பாட்டு மேசையில் எந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று யோசியுங்கள்.

அப்புறம், பின்கதையை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். 'ஃபைண்டிங் நீமோ' (2003) படத்தில் மனைவியையும் முட்டைகளையும் நீமோவின் அப்பாவான மார்லின் என்ற மீன் பறிகொடுத்த கதையை, இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் முதலில் படம் முழுக்கத் துண்டுதுண்டாகச் சொல்ல நினைத்தார். அப்படிச் சொன்னபோது மார்லின் வெறும் தொணதொணக்கும் அப்பாவாகத் தெரிந்தான். அந்த இழப்பை முதல் காட்சிக்கே கொண்டுவந்ததும் அவனுடைய ஒவ்வொரு 'போகாதே'யும் பயமாக, பாசமாக மாறிவிட்டது. காரணத்தை ஒளித்துவைத்து வியப்பூட்டுவது துப்பறியும் கதைக்குச் சரி. பாசக் கதையில் அது பெரும்பாலும் நஷ்டம்தான்.

நாயகனின் குறைகளும் அப்படித்தான். 1993 நவம்பரில் பிக்சார் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டிய 'டாய் ஸ்டோரி'யின் ஆரம்ப வடிவத்தில், நாயகனான வூடி என்ற பொம்மை அடாவடிக்காரன். பஸ் என்ற விண்வெளி வீரன் பொம்மையை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுகிறான். வேலையை நிறுத்தி, கதையைத் திருத்தினார்கள். 1995இல் வந்த படத்தில் வூடி அவனை மேசைக்குப் பின்னால் விழவைக்கத்தான் பார்க்கிறான், விஷயம் கைமீறிப் போய்விடுகிறது. பொறாமை இருக்கிறது, ஆனால் அது தன் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வந்த பொறாமை.

சோகத்தைக் குழந்தைகளிடமிருந்து மறைப்பது இன்னொரு தவறு. 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் ஒரு சிறுமியின் மனதுக்குள் இருக்கும் உணர்வுகளே பாத்திரங்கள். அதில் மகிழ்ச்சியோடு வழி தவறிப்போகும் உணர்வு முதலில் பயமாகத்தான் இருந்தது. பல வருட வேலைக்குப் பிறகு இயக்குநர் பீட் டாக்டர் அந்த இடத்துக்குச் சோகத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சிறுமியின் கற்பனை நண்பன் பிங் பாங் தன் வண்டியை இழந்து உட்கார்ந்திருக்கும்போது மகிழ்ச்சி வேடிக்கை காட்டிப் பார்க்கிறது, பலன் இல்லை. சோகம் பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டுவிட்டார்களே' என்கிற மாதிரி பேசுகிறது. அவன் அழுகிறான், அழுது முடித்து எழுந்து நடக்கிறான். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த எந்தப் பெற்றோருக்கும் இந்தக் காட்சி புரியும்.

கடைசியாக, சத்தம். குழந்தைகள் சலித்துவிடுவார்கள் என்று பயந்து நிமிடத்துக்கு ஒரு துரத்தலும் நகைச்சுவையும் திணிக்கிறார்கள். ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ' (1988) படத்தில் வில்லனே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மழையில், இருட்டில், அப்பாவின் பேருந்துக்காகச் சத்சுகி காத்திருக்கிறாள், தங்கை அவள் முதுகில் தூங்குகிறாள். தலையில் இலை வைத்த பெரிய உருவம் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது. அவள் அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து குடைமேல் சொட்டுகிற சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. ஒரு குதி குதிக்கிறது, மரத்தில் தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது.