பழைய கேம் பாய் திரையில் காணாமல் போன கோடுகளை மீட்பது எப்படி?

போன தீபாவளிக்குப் பரணை ஒழித்தபோது சித்தப்பாவின் கேம் பாய் சிக்கியது, கையில் பிடித்து விளையாடும் அந்தக் கால வீடியோ கேம் கருவி. 90களில் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு லீவுக்கு ஊருக்கு வரும்போது டெட்ரிஸ் கேட்ரிட்ஜோடு (கட்டை அடுக்கும் கேம் அடங்கிய, பின்னால் செருகும் வில்லை) கொண்டுவந்தது. சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி இருக்குமே, நிண்டெண்டோ 1989இல் வெளியிட்ட முதல் மாடல், அதேதான். பின்பக்கம் டிஎம்ஜி-01 என்று போட்டிருக்கும்.

நாலு பேட்டரி போட்டேன், உயிர் வரவில்லை. பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்ததும் வந்தது. ஆனால் திரையில் ஏழெட்டு இடத்தில் மேலிருந்து கீழாக வெறும் கோடு. டெட்ரிஸில் கட்டை இறங்கும்போது நடுவில் கீறிவிட்ட மாதிரி தெரியும். தெரிந்த கடையில் காட்டியபோது, "ஐசி போயிருக்கும், இதுக்கெல்லாம் ஸ்க்ரீன் கிடைக்காது சார், ஷோகேஸ்ல வைங்க" என்றார்கள். ஐசி, அதாவது உள்ளே இருக்கும் சிப், போகவில்லை, திரையின் இணைப்பை ஒட்டியிருக்கும் பசைதான் விட்டுப்போயிருந்தது. விஷயம் தெரிந்தால் அரை மணி நேர வேலை. தெரியாமல் அவசரப்பட்டதில் நல்லா இருந்த மூன்று கோடுகளையும் நானே கெடுத்து, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மீட்டேன்.

கோடு ஏன் மறைகிறது?

இந்தத் திரையில் அகலவாக்கில் 160 புள்ளிகள், உயரவாக்கில் 144. செங்குத்தாக நிற்கும் 160 வரிசைகளுக்கும் சிக்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பு வழியாக வருகிறது. அங்கே ஒரு மெல்லிய ரிப்பன் இருக்கும். கண்ணாடியில் ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது, அதனால் மின்சாரம் கடத்தும் பசையை வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியிருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆனால் பசை அங்கங்கே விடும். ஒரு தடம் விட்டால் ஒரு வரிசை காலி. திரும்பச் சூடு காட்டி லேசாக அழுத்தினால் பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். வைத்தியம் இவ்வளவுதான்.

கிடைமட்டமாக, அதாவது இடமிருந்து வலமாகக் கோடு போயிருந்தால் அது பக்கவாட்டு இணைப்பின் பிரச்சினை. அதைத் தொடுவது கஷ்டம். நான் முயற்சி செய்ததில்லை, இந்தப் பதிவு அதற்கானதும் இல்லை.

என்னென்ன வேண்டும்?

ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் ஒன்று. வெளி ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று கீற்றுதான் இருக்கும். பேனா மூடியை உருக்கி அச்செடுத்துத் திறக்கலாம் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மொபைல் ரிப்பேர் செட்டிலேயே இந்த பிட் வருகிறது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூதான், சின்ன ஸ்டார் டிரைவர் போதும்.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், முடிந்தால் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வகை. இந்த வேலைக்கு மட்டுமல்ல, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வரும் எல்லோரும் முதல் காசை இதில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. மல்டிமீட்டர்கூட அப்புறம்தான். முனை கூராக இருக்கக் கூடாது, உளி மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும்.

அப்புறம் வினிகர், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் வாசனையும் பிசுபிசுப்பும் கலந்திருக்கும்.

பேட்டரி முனை

பேட்டரியைப் போட்டு மறந்துவிட்டவர்களுக்கு மட்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது ஆல்கலைன் பேட்டரி கசிந்த காரம். பஞ்சில் வினிகர் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் துரு சீக்கிரம் ஏறும்.

திறப்பது

கேட்ரிட்ஜையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மூலைகளில் நாலு ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் இரண்டு. கழற்றியதும் இரண்டு பாதிகளையும் புத்தகம் மாதிரி மெதுவாகத் திறங்கள். நடுவில் ஒரு ரிப்பன் கேபிள் இரண்டு பாதியிலும் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை இணைத்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் கதை முடிந்தது. கேபிளைப் பிடித்து நேராக வெளியே இழுத்தால் கழன்று வரும், லாக் எதுவும் கிடையாது.

முன்பாதியில் இருக்கும் போர்டில்தான் திரை. அதன் ஸ்க்ரூக்களை எடுத்துப் போர்டைத் தூக்குங்கள். ஸ்பீக்கருக்கு முடி மாதிரி இரண்டு ஒயர் போகும், அது அறுந்துவிடாமல் ஸ்பீக்கரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பட்டன் ரப்பர்கள் உருண்டு ஓடும், ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையின் முகத்தில் விரல் படக் கூடாது, மேலே இருக்கும் படலம் சட்டென்று கீறல் விழும்.

சூடு காட்டுவது

நான் சொதப்பிய இடம் இது.

முதல் தடவை எல்லாவற்றையும் பிரித்து, மேசையில் வைத்து, குத்துமதிப்பாக ரிப்பன் மேல் அயர்னை ஓட்டினேன். திரும்ப மாட்டிப் பார்த்தால் இரண்டு கோடு வந்திருந்தது, புதிதாக மூன்று போயிருந்தது. எங்கே சூடு போதவில்லை, எங்கே அதிகமாகிவிட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்த கதைதான்.

செய்ய வேண்டியது, கேம் பாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு காட்டுவது. திரை போர்டை வெளியே வைத்தபடியே ரிப்பன் கேபிளைத் திரும்பச் செருகுங்கள். பின்பாதியில் பேட்டரியைப் போட்டு ஆன் செய்யுங்கள். கேட்ரிட்ஜ் தேவையில்லை. கேட்ரிட்ஜ் இல்லாவிட்டால் ஆன் செய்ததும் வரும் நிண்டெண்டோ லோகோவுக்குப் பதில் ஒரு கறுப்புக் கட்டம் இறங்கி வந்து நடுவில் நிற்கும். அது நடுப்பகுதிக்கு மட்டும்தான் உதவும் என்பதால் திரையின் கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிடுங்கள். திரை மொத்தமும் கறுத்துவிடும், செத்த வரிசைகள் மட்டும் வெளிறித் தெரியும். இனி ஒவ்வொரு கோடாக உயிர் பெறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும், அடாப்டர் வேண்டாம்.

திரையின் கீழ் விளிம்பில் ரிப்பனை மூடியபடி ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். அதை ஒரு முனையிலிருந்து பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பித் தூக்குங்கள். கத்தி வேண்டாம், அடியில் ரிப்பன் இருக்கிறது.

அயர்னை 200 டிகிரியில் வைத்தேன். சூட்டைக் குறைக்க முடியாத 25 வாட் அயர்ன்தான் இருக்கிறது என்றால், நன்றாகச் சுட்டபிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் ஆறவிட்டு உபயோகியுங்கள். முனையில் ஈயம் ஒட்டியிருக்கக் கூடாது, துடைத்துவிடுங்கள். தட்டை முனையைச் செத்த கோட்டுக்கு நேர் கீழே ரிப்பன் மேல் படிய வைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவு அழுத்தத்தில் இடவலமாக மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று விநாடியில் கோடு மினுக்கும், பிறகு நிலைத்து நிற்கும். அந்த மினுக்கலைப் பார்த்ததும் அயர்னை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியால் அதே இடத்தை ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பசை இளகியிருக்கும்போது விட்டுவிட்டால் ஆறும்போது திரும்ப எழும்பிவிடும். நான் மீட்ட கோடுகளில் பாதி, இந்த அழுத்திப் பிடிப்பதைக் கண்டுபிடித்த பிறகு வந்தவைதான்.

பக்கத்திலிருந்த நல்ல கோடு திடீரென்று போனால் பதற வேண்டாம், அதற்கும் ஒரு முறை சூடு காட்டினால் வந்துவிடும். ரிப்பன் பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கினால்தான் ஆபத்து. அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் பின்னொளி உள்ள ஐபிஎஸ் திரை (இப்போதைய மொபைல்களில் இருப்பது போன்ற எல்சிடி வகை) வாங்கி மாட்டுவதுதான் வழி. பளிச்சென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து விளையாடும் அந்தப் பாசிப்பச்சைத் திரைதான் எனக்குக் கேம் பாய்.

மூடுவது

பிரித்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள். மூடுவதற்கு முன் பத்து நிமிடம் ஆன் செய்தே வைத்திருந்து கோடுகள் நிலைக்கின்றனவா என்று பாருங்கள். திரைக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் தூசி சிக்கியிருந்தால் மூடிய பிறகுதான் தெரியும், தெரிந்தால் தூக்கம் வராது. ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் ஏறுபவை, பிடித்ததும் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் எழுதியதிலிருந்து மூன்று விஷயங்கள்.

ஒருவருக்கு மூடியபின் திரை முழுக்க வெறுமையாக இருந்திருக்கிறது. ரிப்பன் கேபிள் கோணலாகச் செருகப்பட்டிருந்ததுதான் காரணம். விளிம்பு கனெக்டருக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொருவருக்குக் கோடுகள் வந்தன, சத்தம் போய்விட்டது. ஸ்பீக்கர் ஒயர் அறுந்திருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஹெட்போன் மாட்டினால் கேட்கிறது என்றார். ஹெட்போன் ஜாக்கின் உள்ளே இருக்கும் சுவிட்ச்சில் அழுக்கு ஏறினால், ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே நினைத்து ஸ்பீக்கரை அது துண்டித்துவிடும். பிளக்கில் ஆல்கஹால் தொட்டு இருபது முறை செருகி எடுத்ததும் சரியாகிவிட்டதாம்.

மூன்றாவது, இரண்டு வாரத்தில் இரண்டு கோடு திரும்பப் போய்விட்டது என்று ஒரு தோழி எழுதியிருந்தார். எனக்கும் ஒன்று போனது, ஓரத்தில். திரும்பப் பிரித்து ரப்பர் பட்டையைப் பார்த்தால், நான் வைத்தபோது அது மடங்கி ரிப்பனிலிருந்து விலகியிருந்தது. திரும்பச் சூடு காட்டி, பட்டையை நேராகப் படிய வைத்தேன். நாலு மாதமாகிறது, 160ம் இருக்கிறது.