வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல்: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓட்டினால் அடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதை டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து ஆயிலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான், அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகத்தில்தான், விரிசல் இருக்கும், அல்லது அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எரிந்துபோயிருக்கும். சூடேறினால் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்கிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. சத்தம் நின்றதால் பழுது சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. ஹீட்டர் காற்றோடு அது கேபினுக்குள் வரும், பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்பகுதியை மூடும் கேனப்பிக்குள்ளும் புகும். அங்கே பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் பொருத்திய பெட்ரோல் வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொண்டு கூடுதலாக ஊற்றும். டேங்க் காலியாகும், காரணம் தெரியாது.

“தம்பி, சும்மா ஒரு வெல்டு அடிச்சுக் குடு” என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். வெல்டு அடிப்பதற்கு முன் அது ஏன் விரிசல் விட்டது என்று பார்க்க வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் பல மேனிஃபோல்டுகளில் ஓரத்து ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வைத்திருப்பார்கள். நம் ஊர்க் கடல் காற்றில் மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடிக்கும் ஸ்டட்டும் (மரையுள்ள கம்பி) நட்டும் துருவேறி இறுகிப்போகின்றன. அதற்கு மேல் யாராவது பலத்தைக் காட்டி முறுக்கியிருப்பார்கள். மேனிஃபோல்டு நகர முடியாமல் ஒரு பக்கம் பிளந்துகொள்கிறது. ஓரத்து ஸ்டட் உடைந்திருப்பது, கீழே போகும் பைப்பைத் தாங்கும் பிராக்கெட் காணாமல் போயிருப்பது, எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருப்பது, இவை எல்லாமே பைப்பின் எடையையும் ஆட்டத்தையும் மேனிஃபோல்டின் கழுத்தில் கொண்டுபோய் வைக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல வெல்டு போட்டாலும், சுமையோடு என்3 சாலையில் வான் ரீனன் மலை ஏற்றத்தை நாலு முறை ஏறி இறங்கினால் அதே இடம் திரும்பவும் திறந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற கோட்டோடு விரிசல் முடிந்துவிட்டது என்று நம்புவதும் தவறுதான். துடைத்த இரும்பில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன பாரஃபின் கசிந்து பொடியில் ஈரக்கோடு போடும். கோடு முடியும் இடத்தைச் சற்றுத் தாண்டி இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால்தான் விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். அப்புறம் விரிசலை ‘வி’ வடிவத்தில் பள்ளமாகத் தோண்ட வேண்டும். கிரைண்டர் கல் வார்ப்பிரும்பின் கிராஃபைட்டை மேற்பரப்பில் இழுத்துப் பூசிவிடும், அதன்மேல் வெல்டு ஒட்டாது. கார்பைடு பர் (சுழலும் வெட்டு முனை) சுத்தமாக வெட்டும். பல வருடம் குடித்த எண்ணெயும் கரியும் தீரும்வரை டார்ச்சில் காட்டி எடுப்பதையும் விடக்கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சாதாரண 6013 வெல்டிங் ராடில் (மைல்டு ஸ்டீல்) அடித்த மேனிஃபோல்டுகள்தான். வார்ப்பிரும்பில் சுமார் 3 சதவீதம் கார்பன் இருக்கிறது. மைல்டு ஸ்டீல் ராடு உருகும்போது அந்தக் கார்பனை உறிஞ்சிக்கொள்கிறது. ஆறியதும் வெல்டும் அதன் ஓரமும் கண்ணாடியைப் போலக் கடினமாகி நொறுங்கத் தயாராகிவிடும். ஆறும்போதே ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும்: வெல்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் விழுந்துவிட்டது. மிக் வெல்டிங்கில் சாதாரணக் கம்பி போட்டாலும் இதே கதைதான். இதற்கு நிக்கல் ராடுதான் வேண்டும். 99 சதவீத நிக்கல் ராடு மென்மையானது, பிறகு மெஷினில் எளிதாக வெட்டலாம். 55 சதவீத நிக்கல் ராடு இன்னும் வலுவானது, தடித்த பகுதிக்கும் புதிய வண்டிகளில் வரும் டக்டைல் வகை இரும்புக்கும் ஏற்றது. விலை அதிகம்தான். ஒருமுறை கெட்டுப்போன மேனிஃபோல்டைத் திரும்ப வெட்டிச் சுத்தம் செய்யும் வேலையை நினைத்தால் அது பெரிய விலை இல்லை.

சூட்டைக் கையாள இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு மேனிஃபோல்டையும் ஒரே சீராக 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூடு குறையாமல் வெல்டு செய்வது. இன்னொன்று, கையை வைக்க முடிகிற சூட்டைத் தாண்டாமல், ஒரு அங்குல நீளத்துக்குச் சின்னச் சின்னதாகப் போட்டு, ஒவ்வொரு துண்டும் சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஆறவிட்டு அடுத்ததைப் போடுவது. இரண்டும் பலிக்கும். இரண்டையும் கலப்பதுதான் பலிக்காது. ஒரு மூலையை மட்டும் டார்ச்சில் சிவக்க வைத்துவிட்டு மற்ற பகுதி குளிர்ந்து கிடந்தால் இரும்பு எங்காவது பிளக்கத்தான் செய்யும். சூடாக்கிச் செய்த வேலையைத் தண்ணீரிலோ காற்றிலோ ஆறவிடாதீர்கள். காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மறுநாள் எடுங்கள். லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) இருந்தால் அதன் நேரத்தைப் பார்க்காமல் சூடான வேலையைத் தொடங்குவதும் நம் ஊரில் நடக்கிற தவறு. பாதியில் கரண்ட் போனால் காற்றில் விட்டுவிடாமல் கேஸ் சுடரால் சூட்டைப் பிடித்து வையுங்கள், முடியாவிட்டால் உடனே மணலில் புதைத்துவிடுங்கள்.

வெல்டு செய்யும்போது ஃபிளாஞ்சை (எஞ்சினோடு பொருந்தும் தட்டையான முகத்தை) தடித்த இரும்புத் தகட்டிலோ பழைய சிலிண்டர் ஹெட்டிலோ போல்ட் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வளைந்துபோகும். முடிந்ததும் நேர்சட்டம் வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பாருங்கள். வண்டியின் மேனுவலில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் மெஷின் ஷாப்பில் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். டர்போ வண்டி என்றால் உள்ளே ஒட்டிய ஸ்லாக் (வெல்டு கசடு) துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அது நேராக டர்பைன் இறக்கையில்தான் போய் அடிக்கும்.

எபாக்சி பசை அந்தச் சூட்டில் நிற்காது. எக்ஸாஸ்ட் பேஸ்ட் வீடு போய்ச் சேர உதவலாம், அவ்வளவுதான். பித்தளைப் பற்றவைப்பும் மேனிஃபோல்டு சிவக்கும் சூட்டுக்குப் போனால் வலுவிழந்துவிடும்.

மாட்டும்போது புது கேஸ்கெட், புது ஸ்டட். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போய், டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். ஓட்டிச் சூடாக்கி முழுதாக ஆறிய பிறகு, மேனுவல் தடுக்காவிட்டால், அதே அளவில் இன்னொரு முறை சரிபாருங்கள்.

விரிசல் ஃபிளாஞ்சின் போல்ட் ஓட்டைகளைக் கடந்து ஓடியிருந்தாலோ, பல இடத்தில் கிளைவிட்டிருந்தாலோ, இரும்பு எரிந்து மெலிந்து அடுக்கடுக்காக உதிர்ந்தாலோ வெல்டுக்கு உட்காராதீர்கள். பழைய நிசான் 1400 பக்கி, ஹைலக்ஸ் போன்றவற்றுக்கு ஸ்க்ராப்யார்டில் தேடிப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் அங்கேயே அதையும் பாரஃபின் தடவிச் சோதித்து, ஃபிளாஞ்சில் நேர்சட்டமும் வைத்துப் பாருங்கள்.