தைக்காத சர்ஃபேஸிலும் குறுக்குவெட்டு எடுக்கலாம்

ஐஜிஇஎஸ் (மென்பொருள்களுக்கிடையே 3டி வடிவங்களைப் பரிமாறும் வகை) கோப்பாக வந்த சர்ஃபேஸிலிருந்து (தடிமன் இல்லாத வெறும் மேற்பரப்பு) சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில் குறுக்குவெட்டுக் கோடு வேண்டுமானால், அதன் முகங்களை ஒன்றோடொன்று தைத்து சாலிட் (உள்ளே நிறைந்த திட உருவம்) ஆக்கப் போராட வேண்டாம். வேண்டிய இடத்தில் ஒரு பிளேன் (வெட்டும் தளம்) போட்டு, அதிலேயே ஸ்கெட்ச் திறந்து, ஸ்கெட்ச் டூல்ஸில் உள்ள 'இன்டர்செக்‌ஷன் கர்வ்' எடுத்து, பிளேன் வெட்டும் முகங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடு ஸ்கெட்சிலேயே வந்துவிடும்.

செக்‌ஷன் வியூ (மாடலை வெட்டியதுபோல் காட்டும் தோற்றம்) கண்ணுக்கு மட்டும்தான், அளந்து வரையக் கோடு தராது. இன்டர்செக்‌ஷன் கர்வ் கட்டளையோ ஒவ்வொரு முகத்தையும் பிளேன் எங்கே வெட்டுகிறது என்று தனித்தனியாகக் கணக்கிடுவதால், முகங்களுக்கு இடையில் இடைவெளி இருந்தாலும் வேலை நடக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: பிளேனின் தூரத்தை 25 மி.மீ.யிலிருந்து 30 ஆக்கினால் கோடும் கூடவே நகரும். ஆனால் புது இடத்தில் வேறு முகம் குறுக்கிட்டால், அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இடைவெளி உள்ள இடத்தில் கோட்டின் முனைகளும் சேராது. எக்ஸ்ட்ரூட் (கோட்டை இழுத்து உருவமாக்குவது) செய்வதற்கு முன் பெரிதாக்கிப் பார்த்து இணைத்துவிடுங்கள், திறந்த கோட்டில் நிறைந்த சாலிட் வராது, மெல்லிய சுவர் போன்ற உருவம்தான் வரும்.

எஸ்டிஎல் கோப்பை கிராஃபிக்ஸ் பாடியாக இறக்கியிருந்தால் இது உதவாது. அதில் வெட்டுவதற்கு சர்ஃபேஸே இல்லை, வெறும் முக்கோணங்களின் படம்தான். அனுப்பியவரிடம் ஸ்டெப் அல்லது ஐஜிஇஎஸ் கோப்பு கேட்டு வாங்குங்கள்.